சுண்டெலிக்கு 6 மில்லிமீட்டர் போதும், தெரியுமா?

‘எங்கப்பன் குதிருக்குள்ளே இல்லை’ என்று உளறிக்கொட்டிய பையனை நமக்கெல்லாம் தெரியும். அந்த நெற்குதிரை எத்தனை பேர் பார்த்திருக்கிறீர்கள்? ஒரு முழு ஆள் உள்ளே இறங்கி ஒளிந்துகொள்ளலாம், அவ்வளவு பெரிசு! மண் உறைகளை ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கி, இணைப்புகளில் களிமண்ணும் சாணியும் பூசி, மேலிருந்து நெல்லைக் கொட்டி, மூடியையும் மெழுகி அடைத்துவிடுவார்கள். நெல் வேண்டுமா? அடியில் இருக்கும் சின்ன ஓட்டையில் திணித்த துணியைப் பிடுங்கினால் சரசரவென்று கூடையில் இறங்கும். திறப்பது கீழே மட்டும்தான். மேல்மூடி அடுத்த அறுவடை வரை அசையாது.

ஏன் இத்தனை கெடுபிடி? 6 மில்லிமீட்டர் இடுக்கு கிடைத்தால் சுண்டெலி உள்ளே வந்துவிடும் என்பதால்தான்! தலை நுழைந்தால் உடம்பும் நுழைந்துவிடும். ஒரு நாளைக்கு அது தின்பதென்னவோ 3 கிராம் அளவுதான். தின்றால் தின்றுவிட்டுப் போகட்டும் என்று விட முடிகிறதா? அதே நாளில் 50 புழுக்கைக்கு மேல் போட்டுவைக்கிறதே! முன்பற்கள் சாகும்வரை வளர்ந்துகொண்டே இருப்பதால் எதையாவது கொறித்தே ஆகவேண்டிய பிறவி அது. பிளாஸ்டிக் வாளியின் விளிம்பு அதற்கு நொறுக்குத்தீனி. வருஷக்கணக்கில் வைக்கும் தானியத்துக்குத் தகர டின்னோ எவர்சில்வர் டிரம்மோதான் சரி.

இப்போது வாயைப் பிளக்க வேண்டிய சேதி. செங்குத்தான மரக்காலில் விறுவிறுவென்று ஏறும் எலிக்கு, தலைக்கு மேலே கூரைபோல் நீட்டிக்கொண்டிருக்கும் வழவழப்பான பலகையைத் தாண்டத் தெரியாது! தலைகீழாகத் தொங்கியபடி அதைச் சுற்றிக்கொண்டு மேலே வர அதனால் முடிவதில்லை. ஜப்பானில் யாயோய் காலத்திலேயே, சுமார் 2000 ஆண்டுகளுக்கு முன்பு, களஞ்சியத்தைக் கால்கள்மேல் உயர்த்தி ஒவ்வொரு காலின் உச்சியிலும் அப்படியொரு பலகையைச் செருகினார்கள். பெயர் ‘நெசுமி-கயேஷி’. தமிழில் சொன்னால் ‘எலி திருப்பி’! ஸ்பெயினின் கலீசியாவில் அதே வேலையைத் தட்டைக் கல் செய்கிறது. அங்கே கார்னோட்டா ஊரில் 1768-இல் எழுப்பிய களஞ்சியம் சுமார் 35 மீட்டர் நீளத்துக்கு இன்றும் நிற்கிறது. இங்கிலாந்தில் அது காளான் வடிவக் கல். துறைமுகத்தில் கப்பலைக் கட்டிய கயிற்றில் வட்டத் தகடு ஒன்று மாட்டியிருக்குமே, அதுவும் எலி திருப்பியேதான்!

நம் ஊர்க்காரர்கள் சளைத்தவர்களா? தஞ்சாவூர்ப் பக்கத்துப் பாபநாசத்தை ஒட்டிய திருப்பாலைத்துறையில் நாயக்கர் காலத்துச் செங்கல் களஞ்சியம் இருக்கிறது. வட்டச் சுவர், கூம்புக் கூரை, சுமார் 36 அடி உயரம், கொள்ளளவு 3000 கலம்! வயலில் மூங்கிலை வில்லாக வளைத்து வைக்கும் ‘தஞ்சாவூர்க் கிட்டி’யும் டெல்டாவின் சரக்குதான். ராத்திரியில் ஆந்தை வந்து உட்கார்ந்து எலி பிடிக்கட்டும் என்று வயல் நடுவே குச்சி நட்டுவைப்பவர்களும் அங்கே உண்டு. அறுவடை முடிந்ததும் எலி வளையைத் தோண்டி அதற்குள் பதுக்கிய நெல்லை இருளர்கள் வாரி எடுப்பார்களே, அப்போதுதான் தெரியும், எலியும் ஒரு களஞ்சியக்காரன் என்று!

சரி, எலி போயாச்சு. இறுக்கி மூடிய டப்பாவில் வண்டு எப்படி வந்தது? வரவே இல்லை. நீங்கள்தான் காசு கொடுத்து வாங்கி வந்தீர்கள்! அரிசிக் கூன்வண்டு தன் நீண்ட மூக்கால் மணியில் துளை போட்டு, ஒரே ஒரு முட்டையிட்டு, பசை போன்ற ஒன்றால் துளையை அடைத்துவிடுகிறது. வெளியிலிருந்து பார்த்தால் நல்ல அரிசி. புழு உள்ளேயே தின்று வளர்ந்து, ஏறக்குறைய ஒரு மாதம் கழித்து வண்டாக ஓட்டை போட்டுக்கொண்டு வெளியே வருகிறது. பச்சைப்பயறின் மேல் வெள்ளைப் பொட்டு பார்த்திருக்கிறீர்களா? அழுக்கு இல்லை, பயறுவண்டின் முட்டை. இந்த வண்டு வளர்ந்தபின் பயறைத் தின்பதே இல்லை, முட்டையிடுவதற்கே அலைகிறது. முழுப் பயறுதான் அதற்குப் பிடித்தம். உடைத்த பருப்பை அவ்வளவாக நாடாது.

என் பாட்டி துவரைக்குச் செம்மண் கட்டுவாள். மண்ணைச் சல்லடையில் சலித்து, தண்ணீரில் குழைத்து, பயறோடு கலந்து முழங்கை வரை சிவக்கச் சிவக்கப் பிசறுவாள். ராத்திரி குவித்து வைத்துவிட்டு மறுநாள் வெயிலில் பரப்பினால் ஒவ்வொரு மணிக்கும் ஒரு சிவப்புச் சட்டை! பூச்சியின் தோல்மேல் மெல்லிய மெழுகுப் பூச்சு இருக்கிறது. சாம்பலோ நுண்ணிய மண்தூளோ அதை உரசி எடுத்தால் உடம்பின் ஈரம் வெளியேறிப் பூச்சி காய்ந்தே செத்துப்போகும். பருப்பில் பிசறும் விளக்கெண்ணெயின் வேலை வேறு, அது முட்டையை மூச்சுத்திணற வைக்கும். வேப்பிலையும் மிளகாய் வற்றலும்? கொஞ்சம் விரட்டும். அரிசிக்குள் ஏற்கெனவே குடியிருப்பதை ஒன்றும் செய்யாது. அமாவாசை அன்று காயவைத்தால் வண்டு வராது என்பார்கள். பெருமை அமாவாசைக்கு இல்லை, மாதம் தவறாமல் காயவைப்பதற்கு என்பது என் கட்சி. பயறுவண்டின் ஒரு தலைமுறைக்கு ஆகும் காலமும் கிட்டத்தட்ட அந்த ஒரு மாதம்தானே!

மருந்தே இல்லாமல் வண்டைக் கொல்ல முடியுமா? முடியும்! 1980-களில் ஆப்பிரிக்காவின் கேமரூனில் தட்டைப்பயறுக்காகத் தொடங்கிய ஆராய்ச்சியில் பிறந்தது மூன்றடுக்குப் பை. உள்ளே இரண்டு பாலித்தீன் உறை, வெளியே சாக்கு. இறுக்கிக் கட்டினால் உள்ளிருக்கும் பூச்சிகளே சுவாசித்து ஆக்சிஜனைத் தீர்த்துவிடும். அப்புறம் தின்பது நின்றுபோகும். உலர்ந்த பயறுக்குள் அவற்றுக்குத் தண்ணீர் ஏது? தின்றதை ஆக்சிஜனோடு சேர்த்து எரித்து உடம்புக்குள்ளேயே தயாரிப்பதுதான். ஆக்சிஜன் போனால் அதுவும் போச்சு, தாகத்தில் சாகின்றன! கோவை வேளாண் பல்கலைக்கழகத்தின் பூச்சிப் பொறி இன்னும் எளிது. 2 மில்லிமீட்டர் துளைகள் போட்ட குழாயைத் தானியத்துக்குள் செருக வேண்டியதுதான். காற்றைத் தேடி வண்டுகள் தாமாகவே துளைக்குள் நுழைந்து அடியில் உள்ள கிண்ணத்தில் விழும். ரவை, மைதாவுக்கு ஃப்ரீசரில் 4 நாள் போதும்.

ஒன்றே ஒன்றைக் கையால் தொடாதீர்கள். கிடங்குகளில் போடும் பாஸ்பைடு மாத்திரையிலிருந்து வரும் வாயு ஆளைக் கொல்லும். அரிசி மூட்டைக்கு நல்லது என்று யார் கொடுத்தாலும் வீட்டுக்குள் அது வேண்டவே வேண்டாம்.

இன்றைக்கே ஒரு பென்சிலை எடுத்துச் சமையலறைக் கதவின் அடியில் உருட்டிப் பாருங்கள். பாத்திரம் கழுவும் குழாய் சுவருக்குள் போகும் இடத்திலும் நுழைத்துப் பாருங்கள். பென்சில் போகிறதென்றால் சுண்டெலியும் போகும். பாத்திரம் தேய்க்கும் கம்பி நாரைக் குழாய் இடுக்கில் திணித்து மேலே சிமெண்ட் பூசிவிடுங்கள், கதவின் அடியில் ஒரு தகரப் பட்டை அடித்துவிடுங்கள்.