நாற்பதா நூறா, பார்த்து வாங்குங்கள்

மருந்துக்கடையில் குப்பியில் கிடைக்கும் மனித இன்சுலின் பெரும்பாலும் ஒரு மில்லிக்கு 40 யூனிட். பேனாவில் வருவதும் இன்சுலின் பம்புக்கு நிரப்புவதும் பெரும்பாலும் 100 யூனிட். பம்ப் வைத்திருப்பவர் வீட்டில் ஒருவர் விடாமல் எல்லோருக்கும் இது மனப்பாடமாகத் தெரிந்திருக்க வேண்டும்.

திண்டுக்கல் மாவட்டத்து நெய்க்காரப்பட்டியில் இருப்பவருக்குப் பம்ப் வைத்துவிட்ட டாக்டர் கோவையிலோ மதுரையிலோ இருப்பார். இன்சுலின் தீர்ந்துவிட்டால் ஓடுவதோ உள்ளூர் மெடிக்கலுக்கு, இல்லையென்றால் பழனிக்கு. சீட்டில் எழுதிய மருந்து ஸ்டாக் இல்லை என்றதும், "இதுவும் அதேதாங்க, கம்பெனிதான் வேற" என்று வேறொன்றை எடுத்து வைப்பார்கள். அந்த இடத்தில்தான் நிதானம் வேண்டும்.

பம்ப் எப்படி வேலை செய்கிறது என்று பாருங்கள். வயிற்றில் ஒட்டியிருக்கும் மெல்லிய குழாய் வழியாக இரவும் பகலும் கொஞ்சம் கொஞ்சமாக மருந்தைத் தள்ளுகிறது. மணிக்கு 1 யூனிட் என்று அமைத்திருந்தால், அது தள்ளுவது 0.01 மில்லி. உள்ளே இருப்பது 100 யூனிட் மருந்து என்று நம்பித்தான் கருவி அந்த அளவைக் கணக்கிடுகிறது. அதில் 40 யூனிட் மருந்தை நிரப்பிவிட்டால் உடம்புக்குப் போவது 0.4 யூனிட்தான். திரையோ 1 என்றே காட்டும். அலாரம் அடிக்காது. சர்க்கரை ஏறிக்கொண்டே போகும், ஏன் என்று யாருக்கும் புரியாது.

இதற்கு நேர் எதிரான ஆபத்தும் உண்டு. பம்ப் பழுதாகிறது, கையில் கார்ட்ரிட்ஜ் மட்டும் இருக்கிறது, பேனா இல்லை. பேனா கார்ட்ரிட்ஜிலிருந்து சாதாரண சிரிஞ்சில் உறிஞ்சிப் போட்டுக்கொள்ளலாம் என்று தோன்றும். சிவப்பு மூடி போட்ட சிரிஞ்ச் 40 யூனிட் மருந்துக்கானது. அதில் 20 என்ற கோடு வரை இழுத்தால் அரை மில்லி வரும். 100 யூனிட் மருந்தில் அரை மில்லி என்பது 50 யூனிட். இரண்டரை மடங்கு! தூக்கத்திலேயே லோ சுகர் ஆகி உயிர் போகலாம். 100 யூனிட் மருந்துக்கு ஆரஞ்சு மூடி சிரிஞ்ச்தான்.

"தண்ணி மாதிரி தெளிவாத்தானே இருக்கு" என்பதும் போதாது. பழைய ரெகுலர் இன்சுலினும் தெளிவாகத்தான் இருக்கும். ஆனால் அது வேலை செய்யத் தொடங்கவே அரை மணி நேரம் ஆகும், உடம்பில் தங்குவதும் அதிக நேரம். இன்றைய பம்புகளுக்கு லிஸ்ப்ரோ, அஸ்பார்ட், குளூலிசின் போன்ற வேக வகைகளையே எழுதுகிறார்கள். கலங்கலாக இருக்கும் 30/70 கலவையைப் பம்பில் ஊற்றவே கூடாது.

வேக வகைகளுக்குள்ளேயே மாறினாலும் டாக்டர் சொல்லித்தான் மாற வேண்டும். பெரும்பாலும் அதே யூனிட்டில் தொடங்கச் சொல்வார்கள். ஆனால் மருந்து ஏறும் வேகம் வேறுபடலாம், சாப்பாட்டுக்கு எவ்வளவு நேரம் முன்னால் போடுவது என்பதும் மாறலாம். எத்தனை நாள் பம்புக்குள் வைத்திருக்கலாம் என்பதும் வகைக்கு வகை வேறு. குளூலிசின் என்றால் 48 மணி நேரந்தான். மிச்சமிருக்கும் பழையதோடு புதியதைக் கலக்காமல் மருந்துக் கூடு, குழாய், ஊசி மூன்றையும் புதிதாக மாற்றுங்கள். முதல் வாரம் நள்ளிரவிலும் ஒருமுறை சர்க்கரை பாருங்கள்.

பம்பில் நீண்டநேர இன்சுலின் கிடையாது. பம்ப் நின்றுவிட்டால் சில மணி நேரத்தில் உடம்பில் இன்சுலினே இருக்காது. டைப் 1 உள்ளவருக்கு வாந்தி, வயிற்றுவலி, மேல்மூச்சு வாங்குதல், மூச்சில் பழவாடை வந்தால் ரத்தத்தில் கீட்டோன் அமிலம் ஏறிவிட்டது என்று கொள்ளுங்கள். காத்திராமல் 108-ஐக் கூப்பிடுங்கள். பம்ப் நின்றால் எந்த நீண்டநேர இன்சுலின், எத்தனை யூனிட் என்று டாக்டரிடம் முன்கூட்டியே எழுதி வாங்கி, பம்பின் அமைப்பு எண்களையும் அதே தாளில் குறித்து, பேனாவோடு வீட்டில் வையுங்கள்.

இந்த 40, 100 குழப்பம் பம்ப் உள்ளவர்களோடு நிற்பதில்லை. நோவோ நார்டிஸ்க் நிறுவனம் தன் மனித இன்சுலின் பேனா வகைகளை இந்தியாவில் நிறுத்துவதாகவும், குப்பிகள் தொடரும் என்றும் 2025-இல் செய்தி வந்தது. பேனாவிலிருந்து குப்பிக்குப் போகிறவர் 100-லிருந்து 40-க்குப் போகிறார். கூடவே சரியான சிரிஞ்சைக் காட்டி, போடும் முறையைச் சொல்லித்தரக் கேட்பது அவருடைய உரிமை.

சட்டம் நம் பக்கம் இருக்கிறது. சீட்டில் எழுதிய ஹெச் அட்டவணை (டாக்டர் சீட்டின் பேரில் மட்டுமே விற்க வேண்டிய) மருந்துக்குப் பதில் வேறொரு தயாரிப்பைக் கடைக்காரர் தாமாகக் கொடுக்கக் கூடாது என்கிறது 1945-ஆம் ஆண்டு மருந்து விதிகளின் 65-ஆவது விதி. நல்லெண்ணத்தில் கொடுத்தாலும் விதி விதிதான். "டாக்டரிடம் போனில் கேட்டுவிட்டு வாங்குகிறேன்" என்று சொல்லத் தயங்க வேண்டாம். விலைக் கட்டுப்பாட்டுப் பட்டியலில் உள்ள மருந்தை ஒரு நிறுவனம் நிறுத்துவதானால் ஆறு மாதம் முன்பே பொது அறிவிப்புத் தர வேண்டும். பொதுநலன் கருதி ஓராண்டு வரை உற்பத்தியைத் தொடரும்படி அரசு உத்தரவிடலாம். 2013-ஆம் ஆண்டு மருந்து விலைக் கட்டுப்பாட்டு ஆணையின் 21-ஆவது பத்தி அது.

மருந்து மாறியதால் உடல்நலம் கெட்டால் மருந்துப் பாதுகாப்புத் திட்டத்தின் கட்டணமில்லா எண் 1800 180 3024-இல் யாரும் தெரிவிக்கலாம். சிகிச்சைப் பதிவேடுகளைக் கேட்டால் மருத்துவமனை 72 மணி நேரத்துக்குள் தர வேண்டும். கடையோ கருவி விற்றவரோ கைவிரித்தால் நுகர்வோர் உதவி எண் 1915. அதற்கும் மசியாவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். 2019-ஆம் ஆண்டுச் சட்டப்படி நாம் வசிக்கும் மாவட்டத்திலேயே புகார் தரலாம் என்பதால், கோவையில் வாங்கிய பம்புக்கும் திண்டுக்கல்லிலேயே வழக்குப் போடலாம். வக்கீல் கட்டாயமில்லை. கொடுத்த விலை 5 லட்சத்துக்குள் என்றால் கட்டணமும் இல்லை. இரண்டு ஆண்டுக்குள் போட வேண்டும். அதனால் பில் இல்லாமல் வாங்காதீர்கள். சந்தேகம் வந்த அன்று குப்பியைக் குப்பையில் போடாமல், பேட்ச் எண் தெரியும்படி படம் எடுத்து, பில்லோடும் சீட்டோடும் சேர்த்துப் பத்திரப்படுத்துங்கள்.