பழங்கணினிக்கு ஒரு தமிழ் முகப்பு

கூடுவாஞ்சேரியில் வாழும் நம் நண்பரொருவர் இல்லத்தில் விண்டோஸ் 98 ஏற்றிய பழங்கணினி ஒன்று இன்றும் இயங்கி வருகின்றது. அவருடைய பாட்டனார் தட்டெழுதி வைத்த குடும்ப வரலாறு அதனுள் இருத்தலின், அதனை அகற்ற அவருக்கு மனமில்லை. அவ்வரலாற்றைப் படிக்கவும், விடுபட்டவற்றைச் சேர்க்கவும், அப்பொறியிலேயே ஓடத்தக்க சிறு மென்பொருளொன்றை இயற்ற விரும்பினார். அதற்கு எக்கருவித்தொகுதியைக் கொள்வது? தாம்பரம் வரும் மின்சார வண்டியில் நாம் பன்முறை ஆராய்ந்தது இவ்வினாவே.

திரையிற் காணும் பொத்தான், பட்டி, எழுதுபெட்டி முதலியவற்றை ஆயத்தமாக அளிப்பது வரைகலைக் கருவித்தொகுதி எனப்படும். இவற்றுள் மோட்டிஃப், டிகே, ஜிடிகே, க்யூட், எஃப்எல்டிகே என்பன பெயர் பெற்றவை. பழம்பொறிக்கு வேண்டுவோர் பெரும்பாலும் நினைவகச் சிக்கனத்தையும் வேகத்தையுமே வினவுவர். ஆங்கிலத்திற்கு அது போதும். தமிழுக்குப் போதாது.

‘கொ’ என்னும் எழுத்தை நோக்குக. யூனிகோடு முறையில் ககரம் முன்னும் ஒகரக்குறி பின்னுமாகக் கோப்பில் நிற்கும். திரையிலோ கொம்பு ககரத்திற்கு முன்னும், கால் பின்னும் வருதல் வேண்டும். ஆகவே எழுத்துகளை இடமாற்றிக் கோக்கும் அறிவு அத்தொகுதிக்கோ இயங்குதளத்திற்கோ இருந்தாக வேண்டும். ஜிடிகே 2002இல் தன் இரண்டாம் பதிப்போடு பாங்கோ என்னும் நூலகத்தின் வாயிலாக இதனைப் பெற்றது. சென்னை சி-டாக் 2007இல் வெளியிட்ட பாஸ் லினக்ஸும் ஜிடிகேயால் அமைந்த க்னோம் முகப்பையே கொண்டிருந்தது. விண்டோஸோ 2000ஆம் ஆண்டுப் பதிப்பில்தான் யூனிகோடுத் தமிழை ஏற்றது. நண்பரின் பொறி அதற்கு முந்தியது.

அங்ஙனமாயின் பாட்டனார் எவ்வாறு எழுதினார்? 1990களின் இறுதியில் உருவான திஸ்கி முறையில். அதில் கொம்பு, ககரம், கால் என்னும் மூன்றும் கண்ணிற்படும் வரிசையிலேயே வைக்கப்படும். கோக்கும் அறிவு சிறிதுமில்லாத தொகுதியும், எழுத்துருவை மட்டும் கொடுத்துவிட்டால், தமிழைப் பிழையறக் காட்டிவிடும். அக்காலத் தமிழன்பர்களின் மதிநுட்பம் வியக்கத்தக்கதே. ஆயினும் இதற்கு விலையுண்டு. ‘கொ’வை அழிக்க ஒருமுறை பின்விசையை அழுத்தினால் கால் மட்டும் நீங்கிக் ‘கெ’ எஞ்சும். அகர வரிசைப்படுத்தினாலோ, கொம்பு முதலில் நிற்பதால், ககரச் சொல் ககரத்தோடு சேராது வழிதவறும். வேறு பொறியில் அவ்வெழுத்துரு இல்லையேல் முழு வரலாறும் பொருளற்ற குறிகளாகவே தோன்றும்.

நண்பர் முதலில் ஜிடிகேயையே நாடினார். சிறிய நினைவகமுள்ள அப்பொறிக்கு அஃது எருதின்மேல் யானைச்சுமை என்று நாம் தடுத்தோம். எஃப்எல்டிகேயின் 1.1 பதிப்பு சிறியது. விண்டோஸ் 98இலும் ஓடும். துணைநூலகங்களைத் தனியே சுமக்க வேண்டாது, நிரலோடு ஒன்றாகவே கட்டிவிடலாம். அதற்கு யூனிகோடு தெரியாது; 2011இல் வந்த 1.3 பதிப்பிலேயே அது சேர்ந்தது. இக்குறை நமக்குக் குறையன்று. கோப்பை யூனிகோட்டிலேயே வைத்துத் திரையில் எழுதும் கணத்தில் மட்டும் திஸ்கியாக மாற்றுக என்றோம். ‘ஆ, இருமுறை மாற்றுவதா?’ என்று அவர் சலித்துக்கொண்டார். சேர்த்தலும் அழித்தலும் வரிசைப்படுத்தலும் யூனிகோட்டில் நிகழ்ந்தால் மேற்கூறிய பிழைகள் நேரா; மாற்றுவதற்கு வேண்டுவதோ ஒரு சிறு அட்டவணையும், கொம்பை முன்னகர்த்தும் சில வரிகளுமே.

பழைய கோப்பை யூனிகோடாக்கும் வேலை ஒருமுறை செய்தால் முடிந்தது. அதற்கு முன் மூலத்தைத் தொடாமல் வேறொரு படி எடுத்துப் பிறிதொரு பொறியிலும் வைத்துக்கொள்ளுமாறு அவரிடம் சொல்லியிருக்கின்றோம்.