உயிர் வேதியியலார் – 12: துத்தநாகப் பூட்டு

கேசரிப் பருப்பு தின்றவர்களின் காலை முடக்கும் நஞ்சைப் பற்றி 1964-இல் டி.ஆர்.சேஷாத்ரி, வி.வி.எஸ்.மூர்த்தியோடு சேர்ந்து எழுதிய பேராசிரியர் டி.ஏ.வெங்கிடசுப்ரமணியனைப் போன வாரமே பார்த்துவிட்டோம். தவறவிட்டவர்கள் பழைய இதழைத் தேடிக்கொள்ளுங்கள். இந்த வாரம் அவருடைய காசநோய் ஆராய்ச்சி என்று சொல்லியிருந்தேன். நடுவில் மல்லாட்டை, அதாவது நிலக்கடலை, வந்து உட்கார்ந்துகொண்டது.

விழுப்புரம் பக்கத்துக்காரர்களுக்கு மல்லாட்டையைப் பற்றி யாரும் பாடம் எடுக்க முடியாது. குடியாத்தம் கொத்துக் கடலையிலிருந்து பொறுக்கியெடுத்து 1940-இல் வெளியிட்ட டி.எம்.வி. 2, ஆந்திரா, கர்நாடகா வரை பல பத்தாண்டுகள் ஆண்ட ரகம். அந்த 'டி', திண்டிவனம்.

1960-இல் கடலைக்குக் கெட்ட பெயர் வந்தது. இங்கிலாந்தில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட வான்கோழிகள் சில மாதங்களில் செத்து விழுந்தன. காரணம் புரியாமல் 'வான்கோழி எக்ஸ் நோய்' என்றே பெயர் வைத்தார்கள். விசாரணை கடைசியில் தீவனத்தில் கலந்த கடலைப் பிண்ணாக்கில் போய் நின்றது. அதில் ஆஸ்பர்ஜில்லஸ் பூஞ்சை. அது சுரந்த நஞ்சு அஃப்ளடாக்சின். கல்லீரலுக்குள் போனால் அங்குள்ள நொதியே அதைக் கூர்தீட்டி டி.என்.ஏ.வோடு ஒட்டவைக்கிறது. புற்றுநோய் வரைக்கும் போகும் வழி அது.

டெல்லி வல்லபபாய் படேல் மார்பு நோய் நிலையத்தில் நம் பேராசிரியர் கேட்ட கேள்வி: இந்த நஞ்சைச் செய்யப் பூஞ்சைக்கு என்னென்ன வேண்டும்?

சோயாவில் நஞ்சு அவ்வளவாக ஊறுவதில்லை. ஏன்? எஸ்.கே.குப்தாவோடு 1975-இல் எழுதிய கட்டுரையைப் படித்துவிட்டு எனக்குத் தூக்கமே வரவில்லை. நஞ்சு உருவாகத் துத்தநாகம் தேவை. சோயாவில் இருக்கிற துளியூண்டு துத்தநாகத்தையும் பைட்டிக் அமிலம் பூட்டி வைத்திருக்கிறது. சோயாவை ஆட்டோகிளேவில் 15 பவுண்டு அழுத்தத்தில் 15 நிமிடம் வைத்தார்கள், நஞ்சு கூடியது. துத்தநாகம் சேர்த்தார்கள், கூடியது. பைட்டிக் அமிலம் சேர்த்தார்கள், குறைந்தது. இவ்வளவுதான் சோதனை! இரும்பையும் துத்தநாகத்தையும் உடம்பில் சேரவிடாத பாவி என்று ஊட்டச்சத்து நிபுணர்கள் திட்டுகிற அதே அமிலம், இங்கே காவலுக்கு நிற்கிறது.

மல்லாட்டைக்கு நம்பகமான காவல் களத்து வெயில்தான். குலுக்கினால் உள்ளே பருப்பு கலகலக்க வேண்டும். வெட்டுப்பட்டதை, பூச்சி துளைத்ததை, சுருங்கியதைப் பொறுக்கி எறியுங்கள். வறுத்தால் சரியாகிவிடும் என்று நம்பாதீர்கள். வறுக்கிற சூட்டுக்கு முழுசாக அழிகிற நஞ்சு இல்லை இது.

பூஞ்சையிடம் கேட்டதையேதான் பேராசிரியர் காசநோய்க் கிருமியிடமும் கேட்டார்: நீ எதைத் தின்று, எதைக் கொண்டு உடம்பு கட்டுகிறாய்? அதற்குக் கிருமியின் கொழுப்பில் தொடங்க வேண்டும். ஆசிரியர் கொடுத்த பக்கம் முடிந்துவிட்டது. கொழுப்பு அடுத்த வாரம்.