இன்னொன்று வரும் என்று எதை நம்பிக் காத்திருப்பது?

மேசைமேல் ஒரு மார்ஷ்மெல்லோ, மெத்தென்ற வெள்ளை இனிப்பு. "இப்பவே சாப்பிடலாம். நான் திரும்பி வரும்வரை தொடாமல் இருந்தால் இரண்டு தருவேன்" என்று குழந்தையிடம் சொல்லிவிட்டுப் பெரியவர் வெளியே போகிறார். அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழக வளாகத்து மழலையர் பள்ளியில் உளவியலாளர் வால்டர் மிஷெல் 1960-களின் பிற்பகுதியில் நடத்திய சோதனை இது. காத்திருந்தவர்கள் பின்னாளில் படிப்பிலும் நன்றாக இருந்தார்கள் என்று அவரது குழு சொன்னதும், 'மனக்கட்டுப்பாடு உள்ள பிள்ளைதான் ஜெயிக்கும்' என்ற பேச்சு உலகமெங்கும் பரவியது. 2018-இல், ஏறத்தாழ 900 குழந்தைகளின் விவரங்களைக் கொண்டு வேறொரு குழு சரிபார்த்தது. குடும்பச் சூழலையும் கணக்கில் எடுத்ததும் அந்தத் தொடர்பு வெகுவாக மெலிந்துபோனது.

எனக்கு இவற்றைவிட முக்கியமாகப் படுவது, ராச்செஸ்டர் பல்கலைக்கழகத்தின் செலஸ்ட் கிட் குழுவினர் 2013-இல் வெளியிட்ட ஆய்வு. வீடற்ற குடும்பங்கள் தங்கும் விடுதியில் முன்பு தன்னார்வலராக இருந்தவர் கிட். கையில் இருப்பது அடுத்த நிமிடம் இருக்குமா என்று தெரியாமல் வளரும் பிள்ளைகள் எதற்காகக் காத்திருப்பார்கள் என்ற கேள்வி அவருக்கு இருந்தது.

மூன்று முதல் ஐந்து வயதுக்குள் 28 குழந்தைகள். இனிப்புக்கு முன்னால் படம் வரையும் வேலை. பழைய கிரேயான்களைக் காட்டி, "கொஞ்சம் பொறு, புதுசு கொண்டுவருகிறேன்" என்று சொல்லிப் போனார்கள். பாதிப் பேருக்குப் புதியவை வந்தன. மீதிப் பேரிடம், "மன்னிச்சுக்கோ, எங்களிடம் இல்லை" என்று வெறுங்கையோடு வந்து நின்றார்கள். ஸ்டிக்கரிலும் அதே கதை. பிறகுதான் மார்ஷ்மெல்லோ வந்தது. சொன்னபடி கிடைத்த 14 பேரில் 9 பேர் முழு 15 நிமிடமும் காத்திருந்தார்கள். ஏமாந்த 14 பேரில் காத்திருந்தது ஒரே ஒரு குழந்தை. சராசரியாகப் பார்த்தால், அவர்கள் பொறுத்தது மூன்று நிமிடம்தான், மற்றவர்களோ பன்னிரண்டு.

சட்டென்று எடுத்து வாயில் போட்டுக்கொண்ட அந்தக் குழந்தையை மனவலிமை இல்லாதது என்று எப்படிச் சொல்ல முடியும்? இரண்டு முறை ஏமாந்தது. மூன்றாம் முறை சரியாகவே முடிவெடுத்தது.

நம் வீடுகளில் இந்தச் சோதனை தினமும் நடக்கிறது. "போலீஸ்கிட்ட பிடிச்சுக் கொடுத்துடுவேன்", "இங்கேயே விட்டுட்டுப் போயிடுவேன்", "டாக்டர்கிட்ட சொல்லி ஊசி போடச் சொல்றேன்". எதுவும் நடப்பதில்லை. "ஞாயித்துக்கிழமை பீச்சுக்குப் போலாம்" என்பதும் பல வாரம் நடப்பதில்லை. ஒன்பது நாள் கண்டுகொள்ளாத குறும்புக்குப் பத்தாம் நாள், ஆபீஸ் கோபத்தோடு வந்த அப்பாவிடமிருந்து அறை விழுகிறது. தான் செய்ததற்கும் விழுந்த அடிக்கும் தொடர்பு இருப்பதாகப் பிள்ளைக்குத் தெரியாது. அது கற்றுக்கொள்வது அப்பாவின் முகத்தைப் படிக்க மட்டுமே.

செய்ததற்கும் விளைவுக்கும் உள்ள தொடர்பைப் பிள்ளை தானே முடிவெடுத்துத்தான் கற்றுக்கொள்ளும். ரோட்டைக் கடப்பதிலும் அடுப்பங்கரையிலும் மட்டும் அதன் விருப்பத்துக்கு இடமில்லை. மற்றபடி, விளைவு சின்னதாக இருக்கும் வயதிலேயே முடிவெடுக்க விட வேண்டும். திருவிழாவில் கொடுத்த ஐம்பது ரூபாயை முதல் கடையிலேயே பலூனுக்கும் விசிலுக்கும் செலவழித்த பிள்ளை, ராட்டினத்தைப் பார்த்ததும் அழும். அப்போது இன்னொரு ஐம்பதை நீட்டாமல் இருப்பது கஷ்டம். "அப்பவே சொன்னேன்ல" என்று குத்திக்காட்டாமல் இருப்பது அதைவிடக் கஷ்டம். காசு தீர்ந்த வருத்தமே போதும். அதற்குமேல் நம் ஏச்சும் சேர்ந்தால் பிள்ளை காசை மறந்துவிட்டு நம்மீது கோபப்படும். போட்டுக்கொள்ளும் சட்டையைக்கூடத் தேர்ந்தெடுக்க விடாமல் வளர்த்துவிட்டு, பிளஸ் ஒன்னில் எந்த குரூப் என்று வரும்போது "உன் வாழ்க்கை, நீயே யோசி" என்பது அநியாயம்.

பீச்சுக்குக் கூட்டிப்போக முடியாது என்று தெரிந்தால், "பார்க்கலாம்" என்று இழுக்காமல் "இந்த வாரம் முடியாதும்மா" என்று அன்றே சொல்லிவிடலாம். அழத்தான் செய்யும். ஆனால் அடுத்த முறை "போறோம்" என்று நாம் சொன்னால், உண்மையா என்று அம்மாவிடம் போய்க் கேட்காது.