தேர்தல் வந்தால் மட்டும் பேனர்கள் இறங்குவது ஏன்? ஓசூர் - நாட்றாம்பாளையம் சாலை சொல்லும் கணக்கு

ஓசூரில் பஸ் ஏறி தேன்கனிக்கோட்டை, அஞ்செட்டி வழியாக ஒகேனக்கல் போகிறவர்களுக்கு நாட்றாம்பாளையம் தெரிந்த ஊர். ஓசூர் மாநகராட்சி. தேன்கனிக்கோட்டை பேரூராட்சி. அஞ்செட்டியும் நாட்றாம்பாளையமும் கிராம ஊராட்சிகள். ஒரே சாலையில் மூன்று வகை உள்ளாட்சிகள் வந்துவிடுகின்றன. ஆனால் தலைவர் பிறந்தநாள், அமைச்சர் வருகை, நிர்வாகி வீட்டுக் காதுகுத்து என்று எதற்கும் முளைக்கிற ஃப்ளெக்ஸ் பேனருக்கு இந்த வித்தியாசமெல்லாம் கிடையாது. மலைப்பாதை வளைவில் ஒரு பேனர் இருந்தால் எதிரே வரும் வண்டி தெரியாது. அதுவே ஊருக்குள் இருந்தால், ஆஸ்பத்திரிக்கு வழி காட்டும் பலகையை மறைத்துக்கொண்டு நிற்கும்.

"இதைக் கேட்க ஒரு சட்டமும் இல்லையா?" என்று கேட்டால், சட்டத்துக்குப் பஞ்சமே இல்லை என்பதுதான் பதில். பொது இடங்களை அலங்கோலப்படுத்துவதைத் தடுக்கும் தமிழ்நாட்டுச் சட்டம் 1959-லேயே வந்துவிட்டது. நகர்ப்புற உள்ளாட்சிகளில் விளம்பரப் பலகை வைக்க உரிமம் வாங்க வேண்டும் என்று விதிகள் இருக்கின்றன. தேசிய நெடுஞ்சாலையின் நிலத்தில் ஆக்கிரமிப்பை அகற்ற 2002-ம் ஆண்டு மத்திய சட்டம் ஒன்று தனியாக உண்டு. டிராஃபிக் ராமசாமி ஆண்டுக்கணக்கில் நீதிமன்றப் படியேறி வாங்கிய உத்தரவுகளும் உண்டு. 2018 டிசம்பரில் சென்னை உயர் நீதிமன்றம், பேனர் வைக்க மாநிலம் முழுவதும் இடைக்காலத் தடையே விதித்தது.

அந்தத் தடை அமலில் இருந்தபோதுதான், 2019 செப்டம்பர் 12 அன்று சென்னை பள்ளிக்கரணையில் வேலை முடிந்து ஸ்கூட்டரில் வீடு திரும்பிக்கொண்டிருந்த 23 வயது பெண் இன்ஜினீயர் மீது பேனர் சரிந்தது. அதிமுக நிர்வாகி ஒருவர் வீட்டுத் திருமணத்துக்காகச் சாலையின் நடுவே வைத்த பேனர் அது. கீழே விழுந்தவர் மீது பின்னால் வந்த தண்ணீர் லாரி ஏறியது. அந்தப் பெண்ணின் குடும்பத்துக்கு இடைக்கால இழப்பீடாக 5 லட்சம் ரூபாய் கொடுக்க நீதிமன்றம் உத்தரவிட்டது. இனி பேனர் வைக்க மாட்டோம் என்று கட்சிகள் வரிசையாக அறிவித்தன. ஆனால் ஒரு மாதம்கூட ஆகவில்லை. மாமல்லபுரத்துக்கு வரும் பிரதமர் மோடியையும் சீன அதிபர் ஷி ஜின்பிங்கையும் வரவேற்று பேனர் வைக்க, தமிழக அரசே அனுமதி கேட்டு நீதிமன்றம் போனது. கட்சிகளின் உறுதிமொழியை எவ்வளவு நம்பலாம் என்பதற்கு 2021 ஆகஸ்டும் ஓர் உதாரணம். விழுப்புரத்தில் கட்சிக் கொடிக்கம்பம் நடும் வேலையில் இருந்த பள்ளிச் சிறுவன் மின்சாரம் தாக்கி இறந்துபோனான்.

சட்டமும் தடையும் நிறுத்த முடியாத பேனர் ஒரே ஒரு சமயத்தில் மட்டும் சத்தமில்லாமல் இறங்கிவிடுகிறது. அது தேர்தல் அறிவிப்பு வரும் சமயம்.

அப்போது மட்டும் என்ன நடக்கிறது?

தேர்தல் ஆணையம் கெடு வைக்கிறது. அறிவிப்பு வெளியான 24 மணி நேரத்துக்குள் அரசு அலுவலக வளாகங்கள் சுத்தமாக வேண்டும். பஸ் ஸ்டாண்டு, பாலம், மின்கம்பம், சாலையோரம் போன்ற பொது இடங்களுக்கு 48 மணி நேரம். தனியார் இடத்தில் அனுமதியில்லாமல் இருப்பவற்றுக்கு 72 மணி நேரம். அதே ஊழியர்கள்தான் ஏணியோடும் சுண்ணாம்பு வாளியோடும் வருகிறார்கள். முந்தின நாள் வரை "ஆள் இல்லை, அழுத்தம் இருக்கு" என்று சொன்ன அலுவலகம்தான். ஆனால் இப்போது கெடுவுக்குள் முடிக்காவிட்டால் மாவட்டத் தேர்தல் அதிகாரியான கலெக்டருக்குப் பதில் சொல்ல வேண்டும்.

அடுத்தது, பணம். பேனர் செலவு வேட்பாளர் கணக்கில் ஏறும். தமிழ்நாடு போன்ற பெரிய மாநிலங்களில் சட்டமன்றத் தொகுதிக்குச் செலவு வரம்பு 40 லட்சம் ரூபாய். "நான் வைக்கல, தொண்டர்கள் ஆர்வத்துல வெச்சுட்டாங்க" என்ற வழக்கமான பதிலும் அப்போது எடுபடாது, ஏனென்றால் வேட்பாளரின் ஒப்புதல் இல்லாமல் அவருக்காகச் செலவு செய்வதே குற்றம். அச்சடித்தவர் பெயரும் முகவரியும், வெளியிட்டவர் பெயரும் முகவரியும் போஸ்டரில் இருந்தாக வேண்டும். மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 127ஏ பிரிவு இது. மீறினால் 6 மாதம் வரை சிறை, 2,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும்.

மூன்றாவது உங்கள் கையில் இருக்கும் போன். சி-விஜில் செயலியில் போட்டோ எடுத்து அனுப்பினால் இடம் தானாகப் பதிவாகும், 100 நிமிடத்துக்குள் நடவடிக்கை என்பது இலக்கு. நாட்றாம்பாளையத்திலிருந்து ஓசூருக்கு ஷிஃப்டுக்குப் போகிற இளைஞர் பஸ்ஸில் உட்கார்ந்தபடியே புகார் செய்துவிடலாம், சிக்னல் கிடைத்தால். தேர்தல் முடிந்ததும் இந்த வசதியும் முடிந்துவிடும்.

பேசாமல் ஃப்ளெக்ஸையே தடை செய்துவிட்டால்? எல்லைக்கு அந்தப் பக்கம் அதைச் செய்து பார்த்துவிட்டார்கள். 2016 மார்ச்சில் கர்நாடகா வெளியிட்ட பிளாஸ்டிக் தடைப் பட்டியலில் ஃப்ளெக்ஸ், பேனர், தோரணம் எல்லாமே இருந்தன. இருந்தும் 2018 ஆகஸ்டில் கர்நாடக உயர் நீதிமன்றம் கண்டித்த பிறகுதான் பெங்களூரு மாநகராட்சி ஆயிரக்கணக்கில் கழற்றியது. மத்திய அரசின் தடை 2022 ஜூலையில் வந்தது. அதில் 100 மைக்ரானுக்குக் குறைவான பிவிசி பேனருக்கு மட்டுமே தடை. கடையில் அடிக்கும் ஃப்ளெக்ஸ் பெரும்பாலும் அதைவிடத் தடிமன். துணி பேனர் போட்டால் குப்பை குறையலாம், ஆனால் வளைவில் வண்டி தெரியாதது தெரியாததுதான்.

பிரேசிலின் சாவ் பாலோ நகரம் 2007-ல் வெளிப்புற விளம்பரங்களையே மொத்தமாக நீக்கியது. அது நடைமுறைக்கு வந்ததற்குக் காரணம், அபராதம் உண்மையிலேயே வசூலானதுதான். இங்கே வசூலிக்க ஆளைத் தேட வேண்டியதே இல்லை. பேனரிலேயே முகம், பெயர், பதவி, சில சமயம் செல்போன் நம்பர்கூட இருக்கிறது. கீழே வரிசையாகச் சின்னப் படங்களில் நிற்பவர்கள்தான் செலவு செய்தவர்கள். ஆனாலும் வழக்கு என்று வரும்போது 'அடையாளம் தெரியாத நபர்கள்' ஆகிவிடுகிறார்கள்!

24-48-72 மணி நேரக் கெடுவும், படத்தில் இருப்பவரிடமே அகற்றும் செலவை வசூலிப்பதும் ஆண்டு முழுக்க இருந்தால் எப்படி இருக்கும்? புதிதாகக் கண்டுபிடிக்க ஒன்றும் இல்லை, ஏற்கெனவே செய்துகாட்டியதை நீட்டிக்கிற வேலைதான். ஊராட்சிகளில் இது இன்னும் அவசரம். நகர்ப்புற உரிம விதிகள் அங்கே செல்லாது, ஆளும்கட்சி நிர்வாகியின் பேனரைக் கழற்றச் சொல்லும் தைரியத்தை ஒரு ஊராட்சிச் செயலரிடம் எதிர்பார்க்கவும் முடியாது. உத்தரவு கலெக்டர் அலுவலகத்திலிருந்து, கெடுவோடு வந்தால்தான் அவர் ஏணியை எடுக்க முடியும்.

தேர்தல் இல்லாத நாளில் பேனர் வழியை மறைத்தால், இடமும் தேதியும் தெரியும்படி போட்டோ எடுத்துக்கொண்டு முதல்வரின் உதவி மையத்தை 1100 என்ற எண்ணில் அழைக்கலாம். கிருஷ்ணகிரி கலெக்டர் அலுவலகத்தின் திங்கள்கிழமை குறைதீர் கூட்டத்தில் மனுவாகவும் கொடுக்கலாம். மனு ரசீதை மறக்காமல் வாங்கிக்கொள்ளுங்கள். அந்தப் பேனர் பிறகு சரிந்து விழுந்தால், அதிகாரிகளுக்கு முன்பே தெரியும் என்பதற்கு அந்த ரசீதுதான் சாட்சி.