தாத்தா காவலுக்குப் படுத்தார்... பேரன் காசு கொடுத்துப் படுக்கிறான்!

ஆண்டிமடம் பக்கம் முந்திரி சீஸன் வந்தால், கொட்டை களவு போகாமலிருக்க ராத்திரி தோப்பிலேயே கட்டிலைப் போட்டுவிடுவார்கள் பெரியவர்கள். தலைக்கு மேலே நட்சத்திரம், காலடியில் நாய், கையில் டார்ச் லைட். பேரன்காரன் சென்னையில் கம்ப்யூட்டரோடு மல்லுக்கட்டி, லீவு போட்டு, கொழுக்குமலைக்குப் போய், பணம் கட்டி டென்ட்டில் படுக்கிறான். பேரு ‘கேம்ப்பிங்’. தாத்தாவிடம் சொன்னால், “கூலி எவ்வளவுடா?” என்பார்!

எதுக்காகப் போறாங்க? மேனேஜர் போன் எட்டாத இடம் வேண்டும் என்று ஓடுகிறவர் ஒரு ரகம். பாவம், இவரால் காட்டுக்குத் தொல்லை இல்லை. படுத்தால் காலை வரை குறட்டைதான். ஓட்டல் வாடகை மிச்சம் என்று கணக்குப் போடுபவர், மிச்சக் காசுக்கு பாட்டில் வாங்கி, காலியை அங்கேயே வீசுவார். பைனாகுலர் பார்ட்டி தனி ஜாதி. 1999-ல் சரணாலயமாகி, 2024-ல் ராம்சார் பட்டியலில் சேர்ந்த நம்ம கரைவெட்டி ஏரிக்கு, இமயமலையைத் தாண்டி வரும் பட்டைத்தலை வாத்தைப் பார்க்க மூச்சைக்கூட மெதுவாக விடுவார்கள். ‘ஞாபகார்த்த’ கோஷ்டி மோசம். பல கோடி வருஷத்துக்கு முன் கடலாக இருந்த காரை பள்ளத்தாக்கில், கிளிஞ்சல் படிமத்தைப் பொறுக்கிப் பையில் போட்டுக்கொள்ளும். அது வீட்டு ஷோகேஸில் தூசி படிந்து கிடக்கும்.

போட்டோ பார்ட்டிதான் எனக்குப் பயம். நெருப்பு மூட்டினால்தான் படம் எடுபடுமாம்!

2018 மார்ச் 11 ஞாபகம் இருக்கா? தேனி மாவட்டம் குரங்கணி. காய்ந்த புல்லில் பரவிய காட்டுத்தீயில் சிக்கி, மலையேறப் போன 20-க்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். பெரும்பாலும் நம்மை மாதிரி சின்ன வயசுக்காரர்கள். அதற்குப் பிறகுதான் தமிழக அரசு மலையேற்றத்துக்குத் தனி விதிகள் போட்டது. 2024-ல் வனத்துறை வழிகாட்டியோடு போக 40 பாதைகளையும் திறந்துவிட்டார்கள். அனுமதி வாங்குவது பெரிய விஷயமில்லை ஸார், சினிமா டிக்கெட் மாதிரி ஆன்லைனிலேயே எடுக்கலாம்.

முந்திரிக்காடும் லேசுப்பட்டதல்ல. பங்குனி, சித்திரையில் மரத்தடியெல்லாம் காய்ந்த சருகு. ஒரு பீடித்துண்டு போதும், ஒரு குடும்பத்தின் பல வருஷ உழைப்பு காலி. டென்ட் ஆசை இருந்தால் தோப்புக்காரரிடம் கேட்டுக்கொண்டு தை மாசம் போங்க. சமையலை வீட்டிலேயே முடித்து, புளிசோறு கட்டிக்கிட்டுப் போங்க, அடுப்பே வேண்டாம். குல்லா மறக்காதீங்க, பனி கொட்டும்!