திண்மநிலை நுண்பிரித்தெடுப்பு இழைப் பூச்சு

திண்மநிலை நுண்பிரித்தெடுப்பு இழைப் பூச்சு என்பது நீர், காற்று, உணவு முதலியவற்றில் மிகச் சிறிதளவே கலந்துள்ள வேதிப்பொருட்களைக் கவர்ந்தெடுப்பதற்காக, மெல்லிய இழை ஒன்றின் மீது படியவைக்கப்படும் உறிஞ்சு படலம் ஆகும். கரைப்பான் தேவைப்படாத இம்முறையைக் கனடாவின் வாட்டர்லூ பல்கலைக்கழகத்தில் யானுசு பாவ்லிசின் உருவாக்கினார். இது குறித்த முக்கிய ஆய்வுக்கட்டுரை 1990 ஆம் ஆண்டில் வெளியானது.

செயற்பாடு

இழை மாதிரியில் அமிழ்த்தப்படும் அல்லது அதன் மேலுள்ள ஆவியில் வைக்கப்படும். பின்னர் வாயு வண்ணப்பிரிகைக் கருவியின் சூடான உட்செலுத்து பகுதியில் (சுமார் 200–300 °செ) செருகப்படும். அங்கு, கவரப்பட்ட பொருட்கள் வெளியேறி அளவிடப்படுகின்றன.

பூச்சின் முக்கியத்துவம்

மாதிரியின் கனவளவு பெரிதாக இருந்தால், சமநிலையில் கவரப்படும் பொருளின் அளவு அதன் செறிவுக்கும் பூச்சின் கனவளவுக்கும் நேர்விகிதத்தில் இருக்கும். எனவே பூச்சு உரிந்தால் அளவீடு குறையும். எடுத்துக்காட்டாக, ஐரோப்பிய ஒன்றியத்தில் குடிநீரிலுள்ள பெரும்பாலான பூச்சிக்கொல்லிகள் ஒவ்வொன்றுக்கும் வரம்பு லிட்டருக்கு 0.1 மைக்ரோகிராம் ஆகும். உண்மையில் 0.12 உள்ள நீரை, பாதிப் பூச்சை இழந்த இழை 0.06 எனக் காட்டும். வரம்பை மீறிய நீர் தகுதியானதாகத் தோன்றும்.

உலோக இழைகள்

தொடக்கத்தில் பயன்பட்ட உருகிய சிலிக்கா இழைகள் எளிதில் முறிபவை. துருப்பிடிக்காத எஃகு, தைட்டானியம், நிட்டினால் ஆகியவை வளைந்தாலும் முறிவதில்லை. ஆனால் பூச்சுடன் வேதிப்பிணைப்பு ஏற்படுத்தும் ஐதராக்சில் தொகுதிகள் சிலிக்காவின் பரப்பில் இருப்பது போல் எஃகின் பரப்பில் போதிய அளவு இல்லை. மேலும், சூடாகும்போது பல்பகுதியப் பூச்சு உலோகத்தைவிடப் பன்மடங்கு விரிவடைகிறது. வெறுமனே ஒட்டியுள்ள பூச்சு இதனால் உரிகிறது.

நீடித்த பூச்சு தயாரித்தல்

* அரித்தல்: ஐதரோபுளோரிக் அமிலத்தால் எஃகின் பரப்பு சொரசொரப்பாக்கப்படுகிறது. இவ்வமிலம் தோலை ஊடுருவி உயிருக்கே ஆபத்து விளைவிக்கக்கூடியது. தகுந்த பாதுகாப்புடன் ஆய்வகத்தில் மட்டுமே கையாள வேண்டும்.
* நேர்மின்வாய் ஆக்சிசனேற்றம்: தைட்டானியக் கம்பியின் மீது, அவ்வுலோகத்திலிருந்தே ஆக்சைடு நுண்குழாய்கள் வளர்க்கப்படுகின்றன.
* இடைப்படலம்: வெள்ளி அல்லது பொன் படிந்த கம்பியுடன் கந்தகம் கொண்ட சிலேன் மூலக்கூறின் ஒரு முனை பிணைகிறது, மறுமுனை பூச்சுடன் பிணைகிறது.
* சோல்-ஜெல்: மெத்தில்டிரைமெத்தாக்சிசிலேன் போன்ற சேர்மம் நீராற்பகுப்படைந்து, பாலிடைமெத்தில்சிலாக்சேனுடன் இணைந்து வலைப்பின்னலாகிறது. ஐதராக்சில் தொகுதிகள் உள்ள பரப்புடன் அது வேதிப்பிணைப்பும் கொள்கிறது. 1997 இல் சிலிக்கா இழைகளுக்கு அறிமுகமான இம்முறை, பின்னர் உலோக இழைகளுக்கும் விரிவாக்கப்பட்டது.

இறுதியில் இழை மந்த வாயுவில் படிப்படியாகச் சூடாக்கப்பட்டு, எஞ்சிய கரைப்பான் நீக்கப்படுகிறது.

சோதனை

இழை பலமுறை சூடாக்கியும், கரிமக் கரைப்பான், அமிலம், காரம் ஆகியவற்றில் ஊறவைத்தும் சோதிக்கப்படுகிறது. செறிவு தெரிந்த கரைசலில் சோதனைக்கு முன்னும் பின்னும் கவரப்பட்ட அளவுகள் ஒப்பிடப்படுகின்றன. விரிசல்கள் உள்ளனவா என்பது எதிர்மின்னி நுண்நோக்கியால் அறியப்படுகிறது.